பர்லி பிரபுவும் அவர் பிள்ளைகளும்: ஸ்டாம்ஃபோர்டிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை

செவ்வாய், ஸ்டாம்ஃபோர்ட்

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி, பீட்டர்பரோவில் மாறி, மதியத்துக்குள் ஸ்டாம்ஃபோர்ட் வந்து சேர்ந்தேன். அக்கா மகள் பீட்டர்பரோவில் வேலை பார்க்கிறாள். வியாழன் அவளுக்கு விடுமுறை, அன்று காரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை நான் தனியாகத்தான் சுற்ற வேண்டும்.

ஊர் முழுக்க ஒரே சுண்ணாம்புக்கல். வீடு, சத்திரம், கோயில், பாலம் எல்லாம் வெளிர் மஞ்சள் நிறம். வெல்லண்ட் என்ற சின்ன ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஆற்றின் தென்கரையில் மேடேறினால் புனித மார்ட்டின் தேவாலயம். நான் இந்த ஊருக்கு வந்ததே அதற்குள் படுத்திருக்கும் ஒருவருக்காக: முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் நாற்பது வருடம், சாகும் நாள் வரை அமைச்சராக இருந்த வில்லியம் செசில், பர்லி பிரபு.

அரசியைத் தெரிந்த அளவுக்கு அவருடைய அமைச்சரை நமக்குத் தெரியாது. 1558ல் அரசுச் செயலர், 1561ல் தகப்பனை இழந்த பிரபுப் பிள்ளைகளைக் கவனிக்கும் காப்பு நீதிமன்றத்தின் தலைவர், 1571ல் பாரன் பட்டம், 1572ல் கருவூலத் தலைவர். அந்தக் கடைசிப் பதவியில் இருக்கும்போதே 1598 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். இறுதிச் சடங்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் நடந்தது, உடலை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள்.

கல்லறை பெரியது. வண்ணம் பூசிய விதானம், தூண்கள், நடுவே அலபாஸ்டர் கல்லில் நீண்ட தாடியுடன் படுத்த கோலம். உடம்பில் கார்ட்டர் விருதின் அங்கி, கையில் கருவூலத் தலைவரின் கோல். நான் அதிக நேரம் நின்றது அவர் பெற்றோரின் நினைவுச் சின்னத்துக்கு முன்னால். அப்பா ரிச்சர்ட் செசில் எட்டாம் ஹென்றியின் உடை, தளவாட அறையில் ஊழியர். அம்மா ஜேன், பக்கத்து ஊரான போர்னைச் சேர்ந்தவர். செசில் பிறந்ததும் போர்னில்தான். தாத்தா டேவிட் வேல்ஸ் எல்லையிலிருந்து வந்து, ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் இந்த ஊரில் தலையெடுத்தவர். ஊர்த் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்திருக்கிறார். அவர் இங்கே சத்திரம் நடத்தியவர் என்று செசிலின் எதிரிகள் கடைசிவரை குத்திக் காட்டினார்கள்.

அந்தக் குத்தல் அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதற்கு அவரே சாட்சி விட்டுப் போயிருக்கிறார். வம்சாவளி அட்டவணைகள் வரைவதில் அவருக்குத் தீராத ஆசை. ஊரில் இருக்கிற பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியெல்லாம் அவர் கைக்குறிப்பில் உண்டு. தன் குடும்பத்துக்கும் வேல்ஸில் பழைய வேர் தேடினார். நாட்டையே நடத்திய மனிதருக்குப் பிறப்பு ஒரு குறையாகவே இருந்திருக்கிறது. அந்தக் குறையைத் தன் பிள்ளைகளின் காலத்தில் தீர்த்துவிட வேண்டும் என்ற வேகத்தில் அவர் செய்தவைதான் என்னை இந்தப் பயணத்துக்குக் கூட்டி வந்தன.

மாலையில் பாலத்துக்குப் பக்கத்தில், அவர் 1597ல் ஏழை முதியவர்களுக்காக ஏற்படுத்திய இல்லத்தைப் பார்த்தேன். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த கட்டடம், வரிசையாக உயர்ந்த புகைபோக்கிகள். இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு செய்த ஏற்பாடு.

புதன், பர்லி மாளிகை

ஊரிலிருந்து நடந்தே போகலாம். பூங்காவுக்குள் மான் கூட்டங்கள். மரங்களுக்கு மேலே முதலில் கூரைதான் தெரிகிறது. தூண்களைப் போலச் செதுக்கிய புகைபோக்கிகளும் சின்னச் சின்னக் கோபுரங்களும் சேர்ந்து, தூரத்திலிருந்து ஒரு தனி ஊராகவே தெரிந்தது.

1555ல் தொடங்கி 1587ல் முடித்திருக்கிறார். முப்பத்திரண்டு வருடம்! மேற்கு வாயிலில் 1577 என்றும், உள்முற்றத்துக் கடிகாரக் கோபுரத்தில் 1585 என்றும் வருடம் பொறித்திருக்கிறது. முற்றத்தை அண்ணாந்து பார்த்தால் பிரெஞ்சுச் சாயல், ரோமானியச் சாயல், பழைய ஆங்கிலக் கோட்டைச் சாயல் எல்லாம் கலந்திருக்கிறது. எனக்கு அந்தக் கலப்பு பிடித்திருந்தது. புத்தகத்தில் பார்த்ததையெல்லாம் ஆசை ஆசையாய் வரவழைத்துக் கட்டிய மனிதர் தெரிகிறார்.

உள்ளே போனதும் அவரைத் தேட வேண்டியிருக்கிறது. வரவேற்பறைகள், இத்தாலிய ஓவியங்கள், பீங்கான் எல்லாம் அவருக்குப் பின் ஐந்தாம் தலைமுறையில் வந்த ஐந்தாவது எக்ஸெட்டர் ஏர்ல் சேர்த்தவை (ஏர்ல் என்பது பாரனைவிட உயர்ந்த பிரபுப் பட்டம்). அன்டோனியோ வேரியோ வரைந்த சொர்க்க அறையும் நரகப் படிக்கட்டும் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. கூட்டம் அங்கேதான் நிற்கிறது. சுவரும் கூரையும் தெரியாதபடி கடவுளரும் தேவதைகளும் உருண்டு புரள்கிறார்கள். நல்ல கைவேலைதான். எனக்கு மனசு ஒட்டவில்லை.

செசிலின் வீடு மிஞ்சியிருப்பது பழைய சமையலறையிலும், பெரிய கூடத்தின் மரக்கூரையிலும், ரோமானியப் படிக்கட்டு என்று அவர்கள் சொல்லும் கல் படிக்கட்டிலும்தான். சமையலறையின் கல் வளைவுக் கூரை அவ்வளவு உயரம். சுவர் நிறைய செப்புப் பாத்திரங்கள், இருநூற்று அறுபதுக்கு மேல். அண்டா, மூடி, அச்சு, கரண்டி எல்லாம் துலக்கி வைத்திருக்கிறார்கள். பாத்திரங்கள் பிற்காலத்தவை, அந்தக் கூரை மட்டும் அவர் காலத்தது. அதன் கீழே நின்றபோதுதான் இது அவர் கட்டிய வீடு என்று எனக்குப் பட்டது.

இத்தனை வருடம் கட்டியும் அவர் இங்கே அதிகம் வாழவில்லை. அரசி இருக்கும் இடத்தில் அமைச்சர் இருக்க வேண்டும். லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவில் செசில் இல்லம், லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் திபால்ட்ஸ் மாளிகை, இந்த இரண்டிலும்தான் அவர் காலம் போனது. பர்லியில் நெடுங்காலம் இருந்தது அவருடைய வயதான தாய். பட்டத்தின் பெயர் இந்த இடத்தின் பெயர். பெயரைத் தாங்க ஒரு வீடு வேண்டும், மூத்த மகனுக்கு விட்டுப் போக ஒரு சொத்து வேண்டும். அதற்காகவே கட்டினார் என்று நினைக்கிறேன்.

அந்த மூத்த மகன் தாமஸ், முதல் மனைவி மேரி சீக்கின் பிள்ளை. மேரி செசிலின் கேம்பிரிட்ஜ் ஆசிரியரின் தங்கை, கேம்பிரிட்ஜில் ஒயின் கடை நடத்திய ஒரு விதவையின் மகள். இருபது வயதில் செசில் செய்துகொண்ட காதல் கல்யாணம் அது. மகன் பிறந்து இரண்டு வருடத்துக்குள் மேரி இறந்துவிட்டார். தாமஸை 1561ல் படிக்க பாரிஸுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே சூதாட்டமும் கேளிக்கையுமாக இருந்தார். டென்னிஸ் ஆடுகளத்தைக் காவல் காக்கத்தான் இவன் லாயக்கு என்று அப்பா கொதித்து எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியும் தன் கோபத்தை மறைத்தே வைத்த மனிதர் மகன் விஷயத்தில் கை தவறி எழுதியதைப் படித்தால் அவர்மேல் ஒரு நெருக்கம் வருகிறது. தாமஸ் பிற்காலத்தில் நல்ல போர்வீரராகி, முதலாவது எக்ஸெட்டர் ஏர்ல் ஆனார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய டேவிட் செசில் இந்தக் கிளையில் வந்தவர்தான். அவர் 1969ல் ஏற்படுத்திய அறக்கட்டளையின் கையில் இப்போது வீடு இருக்கிறது.

வியாழன், ஃபோதரிங்ஹே

சொன்னபடி காலையில் கார் வந்தது. ஸ்டாம்ஃபோர்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், வயல் நடுவே ஒற்றைப் பாதை. நென் ஆற்றங்கரையில் ஒரு புல் மேடு, கம்பி வேலிக்குள் ஒரு கல் குவியல். ஃபோதரிங்ஹே கோட்டையில் மிஞ்சியது அவ்வளவுதான். மூன்றாம் ரிச்சர்ட் பிறந்த கோட்டை இது. ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை விழுந்ததும் இங்கேதான்.

1586 அக்டோபரில், எலிசபெத்துக்கு எதிரான சதியில் பங்கு என்ற குற்றச்சாட்டில் இங்கே மேரியை விசாரித்த ஆணையத்தில் பர்லி உட்கார்ந்திருந்தார். நீர் என் எதிரி என்று மேரி சொன்னதற்கு, எலிசபெத் அரசியின் எதிரிகளுக்கு நான் எதிரி என்று பதில் சொன்னார். சொந்தப் பகை என்று எதையும் ஒத்துக்கொள்ளாத பதில்.

1587 பிப்ரவரி 1 அன்று எலிசபெத் தண்டனை உத்தரவில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட பிறகும் அவருக்குத் தயக்கம். இரண்டு நாள் கழித்து பர்லி ஆலோசனைக் குழுவினரைத் தன் அறையில் கூட்டினார். அரசியிடம் இனிமேல் எதுவும் கேட்காமல் உத்தரவை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். 8ஆம் தேதி எல்லாம் முடிந்தது. செய்தி கேட்ட எலிசபெத் கொந்தளித்தார். உத்தரவைக் கையில் வைத்திருந்த செயலர் டேவிசனை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்து, பெரிய அபராதமும் போட்டார்கள். பர்லியைச் சில மாதங்கள் முகம் பார்க்கவே அரசி அனுமதிக்கவில்லை. அறுபத்தாறு வயதில் அவர் மன்றாடி மன்றாடிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

மேட்டில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். "கையெழுத்து அரசியோடது, தண்டனை டேவிசனுக்கா சித்தி?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பர்லி தப்பித்தார், டேவிசன் தப்பவில்லை. செசில் அதற்கு முன்பும் இப்படித் தப்பியவர்தான். ஆறாம் எட்வர்டின் காலத்தில், தான் அண்டியிருந்த சாமர்செட் பிரபு விழுந்தபோது கொஞ்ச நாள் சிறையில் இருந்துவிட்டு, மறு வருடமே அரசுச் செயலராக வந்து நின்றார். 1553ல் ஜேன் கிரேயை அரசியாக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டும் தலை தப்பினார். கத்தோலிக்கரான முதலாம் மேரியின் ஆட்சியில், புராட்டஸ்டண்டான அவர் பூசைக்குப் போய்க் கும்பிட்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆட்சியிலும் தலைகள் உருண்ட காலம், வீட்டில் மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆனாலும் டேவிசன் விஷயத்தில் அவர் செய்தது சரியில்லை. முடிவெடுத்த அறை பர்லியின் அறை.

வெள்ளி, ஹாட்ஃபீல்ட்

ஹாட்ஃபீல்ட் ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரிலேயே மாளிகையின் வாசல். இது இளைய மகன் ராபர்ட்டின் வீடு. ஆனால் தந்தையின் கதையும் இங்கேதான் திரும்பியது. பழைய அரண்மனையின் ஒரு பக்கம் செங்கல் சுவரோடு இன்னும் நிற்கிறது. 1558 நவம்பரில், அக்கா மேரி இறந்த செய்தி எலிசபெத்துக்கு இங்கேதான் வந்தது. 20ஆம் தேதி அவர் செசிலைச் செயலராக நியமித்துச் சொன்ன வார்த்தைகள் பதிவாகியிருக்கின்றன: எந்தப் பரிசுக்கும் நீர் விலை போக மாட்டீர், அரசுக்கு உண்மையாக இருப்பீர், என் விருப்பம் எதுவானாலும் உமக்குச் சிறந்தது என்று படுவதையே எனக்குச் சொல்வீர் என்று உம்மைப் பற்றி நான் கணித்திருக்கிறேன். அரசிக்கு அப்போது இருபத்தைந்து வயது. மூன்றாவது வாக்கியத்தைப் படித்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. எத்தனை ஆட்சியாளர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள்?

ராபர்ட் 1563ல் பிறந்தார், இரண்டாவது மனைவி மில்ட்ரெட்டின் மகன். குள்ளமான உருவம், வளைந்த முதுகு. அரசி அவரை என் குள்ளன் என்று கூப்பிட்டார், பின்னால் ஜேம்ஸ் மன்னர் என் சின்ன வேட்டைநாய் என்றார். அந்தப் பட்டப்பெயர்களை எவ்வளவு சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டிருந்தாலும் உள்ளே எரிந்திருக்கும். மூத்தவர் தாமஸுக்குச் சொத்து, இளையவருக்குப் பதவி என்று தந்தை பிரித்துவிட்டார். ராபர்ட்டைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தே வேலை கற்றுக்கொடுத்தார். 1596ல் ராபர்ட் அரசுச் செயலர், 1608ல் அப்பா இருந்த அதே கருவூலத் தலைவர் பதவி. 1605 மே 4 அன்று அண்ணன் தம்பி இருவருக்கும் ஏர்ல் பட்டம் கிடைத்தது. தம்பிக்குக் காலையில், அண்ணனுக்கு அப்புறம். சில மணி நேர வித்தியாசத்தில் சாலிஸ்பரி ஏர்ல், எக்ஸெட்டர் ஏர்லுக்கு முன்வரிசைக்காரர் ஆனார்.

அப்பா ஆசையாகக் கட்டிய திபால்ட்ஸ் மீது ஜேம்ஸ் மன்னருக்கு ஆசை வந்தது. 1607ல் ராபர்ட் அதைக் கொடுத்துவிட்டு ஹாட்ஃபீல்டை வாங்கிக்கொண்டார். திபால்ட்ஸை உள்நாட்டுப் போருக்குப் பிறகு இடித்துவிட்டார்கள். ஹாட்ஃபீல்டில் 1611க்குள் புது மாளிகை எழுந்தது. 1612 மே மாதம் ராபர்ட் இறந்துவிட்டார், அதில் வாழவே இல்லை என்று சொல்லலாம். மாளிகையில் எலிசபெத்தின் வானவில் ஓவியம் இருக்கிறது. மேலங்கி முழுக்கக் கண்ணும் காதும் வரைந்த ஓவியம். செசில் குடும்பம் அரசிக்கு என்னவாக இருந்தது என்பது அந்தத் துணியில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பக்கத்துத் தேவாலயத்தில் ராபர்ட்டின் கல்லறை. நான்கு பெண்கள் மண்டியிட்டுக் கருப்புப் பலகையைத் தாங்குகிறார்கள், மேலே பிரபு உடையில் ராபர்ட், கீழே வெறும் எலும்புக்கூடு. மாக்ஸிமிலியன் கோல்ட் என்ற சிற்பியின் வேலை.

மாளிகை வாசலுக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை, நாற்காலியில் உட்கார்ந்த தாடிக்காரர். ராபர்ட்டின் வழியில் வந்த மூன்றாவது சாலிஸ்பரி மார்க்விஸ். மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமர். அதற்கு முன், 1874லிருந்து 1878 வரை இந்தியாவுக்கான அமைச்சர். நம் பக்கத்தில் தாது வருடப் பஞ்சம் என்று சொல்கிற 1876-78 பஞ்சத்தின்போது வைஸ்ராய் லிட்டனுக்கு மேலே லண்டனில் இருந்தவர் இவர். நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தது இவர் பதவிக் காலத்தில்தான். ஏற்றுமதியும் நிற்கவில்லை, தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் செத்தார்கள். பத்து வருடம் முன்பு ஒரிசா பஞ்சத்தில், கோப்பு வந்தும் இரண்டு மாதம் நடவடிக்கை எடுக்காமல் விட்டதற்குப் பழி தன்மேல் உண்டு என்று பின்னாளில் வாய்விட்டுச் சொன்னவரும் இவரேதான். அப்படிச் சொன்னவர் மெட்ராஸில் வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும். சிலையைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

சனி, வெஸ்ட்மின்ஸ்டர்

ஆபியில் கூட்டம் நெரிகிறது. புனித நிக்கோலஸ் சிற்றாலயத்துக்குப் போய்ச் சேரவே நேரமானது. பர்லி தன் மனைவி மில்ட்ரெட்டுக்கும் மகள் ஆனுக்கும் எழுப்பிய கல்லறை இங்கே இருக்கிறது. உயரம் 24 அடி. தாயும் மகளும் படுத்திருக்கிறார்கள். மில்ட்ரெட்டின் தலைமாட்டில் மூன்று பேத்திகள் மண்டியிட்டிருக்கிறார்கள், கால்மாட்டில் ராபர்ட். மேலடுக்கில் மண்டியிட்ட பர்லி.

ஆன் 1556ல் பிறந்தவள். முதலில் பிலிப் சிட்னிக்குப் பேசினார்கள், ஒப்பந்தம்வரை போய் நின்றுபோனது. அப்புறம் வந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் 17ஆவது ஏர்ல், எட்வர்ட் டி வேர். தகப்பனை இழந்த பிரபுப் பிள்ளைகளை அரசின் காப்பில் எடுத்து வளர்ப்பதும், அவர்கள் சொத்தையும் கல்யாணத்தையும் தீர்மானிப்பதும் காப்பு நீதிமன்றத்தின் வேலை. அதன் தலைவர் செசில். எட்வர்ட் பன்னிரண்டு வயதில் அப்படித்தான் செசில் வீட்டுக்கு வந்தான். ஏழு மணிக்கு நடனம், ஏழரைக்குக் காலை உணவு, எட்டுக்கு பிரெஞ்சு, ஒன்பதுக்கு லத்தீன் என்று அவனுக்கு அட்டவணை போட்டு வளர்த்தார்கள். பதினேழு வயதில் அந்த வீட்டு முற்றத்திலேயே ஒரு சமையல் உதவியாளனை வாளால் குத்திக் கொன்றான். செத்தவன்தான் வாள்மேல் வந்து விழுந்தான் என்று ஜூரி தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு எட்வர்டுக்குச் சாதகமாக வர செசிலும் முயன்றார். நான்கு வருடம் கழித்து, 1571 டிசம்பரில், அவனுக்கே மகளைக் கட்டிக் கொடுத்தார்.

இங்கிலாந்தின் மிகப் பழைய ஏர்ல் பட்டங்களில் ஒன்று அது. சத்திரக்காரன் பேரன் என்ற பேச்சுக்கு அதைவிடப் பெரிய பதில் கிடையாது. இதை நான் எழுதும்போது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. அந்தப் பையன் என்ன மாதிரி என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

1575ல் எட்வர்ட் இத்தாலிக்குப் போயிருந்தபோது ஆனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறு வருடம் திரும்பியவர் குழந்தை தன்னுடையதுதானா என்று சந்தேகப்பட்டு மனைவியைப் பார்க்கவே மறுத்தார். ஏறக்குறைய ஐந்து வருடம். ஆன் அப்பா வீட்டில் இருந்தாள். பர்லி தேதிகளைக் கணக்குப் போட்டு, சாட்சிகளைக் குறித்து, அரசிக்கும் மருமகனுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். பிற்பாடு ராபர்ட்டுக்கு எழுதி வைத்த அறிவுரைகளில், உன் பிள்ளைகளை ஆல்ப்ஸ் மலை தாண்ட விடாதே, அங்கே கர்வமும் தெய்வ நிந்தனையும் நாத்திகமும் தவிர வேறெதுவும் கற்க மாட்டார்கள் என்று ஒரு வரி உண்டு. ஆனின் கதையைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த வரியில் யார் இருக்கிறார் என்பது விளங்கும்.

சமாதானம் ஆகி, இன்னும் பிள்ளைகள் பிறந்து, அதில் இரண்டு இறந்து, 1588 ஜூன் 5 அன்று ஆன் இறந்தாள். முப்பத்தொரு வயது. ஸ்பானியக் கப்பற்படை வந்துகொண்டிருந்த கோடை அது. பர்லியின் தாய் இறந்ததும் அந்த வருடம்தான். 1589 ஏப்ரல் 4 அன்று மில்ட்ரெட்டும் போய்விட்டார்.

கல்லறையின் லத்தீன் வாசகம் பர்லியே எழுதியது. முழங்காலிட்ட இந்தக் கிழவர் யார், இந்தப் பெண்கள் யார் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுபோலத் தொடங்குகிறது. உலகத்துப் பெண்கள் எல்லாரையும்விட தனக்கு அருமையான இருவரை இழந்து அழுது அழுது கண் மங்கியவர் என்று தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார். நாற்பது வருட அரசாங்கத் தாள்களில் அவர் இப்படி எங்கும் பேசியதில்லை.

மில்ட்ரெட் கிரேக்க மொழியில் பெரிய படிப்பாளி. அவர் இறந்து ஐந்தாம் நாள் பர்லி ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். மனைவி தனக்குத் தெரியாமல் செய்த தர்மங்களை அப்போதுதான் கேட்டறிந்து பட்டியலிடுகிறார்: கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக் கூடத்தில் குளிர்காலத்து ஞாயிறுகளில் தீ மூட்டப் பணம், ஏழைப் பெண்கள் நூற்க கம்பளியும் சணலும், சிறு தொழில் செய்பவர்களுக்குக் கடனாகச் சுழல ஒரு தொகை. எல்லாவற்றையும் கணக்கு வைத்த மனிதருக்குச் சொந்த வீட்டுக் கணக்கு தெரிந்திருக்கவில்லை. அதை அவரே எழுதி ஒப்புக்கொண்டது எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது.

ஆனால் தலைமாட்டில் மண்டியிட்டிருக்கும் மூவரில் மூத்தவள், 1575ல் பிறந்த அந்த எலிசபெத், தாத்தா வீட்டில் வளர்ந்தாள். கல்லறைப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், தன் காப்பில் வளர்ந்த இன்னொரு இளம் பிரபுவான சவுத்தாம்ப்டன் ஏர்லை அவளைக் கட்டிக்கொள்ளச் சொல்லி பர்லி நெருக்கினார். அந்தப் பையன் மாட்டேன் என்று நின்றுவிட்டான். 1595ல் அவள் டெர்பியின் ஆறாவது ஏர்லை மணந்தாள். அதுவும் பழைய பட்டம்தான்.